வேலிக்கு வெளியே கிடந்த புல்

இங்கிலாந்தில் எங்கள் வீடு ஒரு மூலை வீடு. முன்னால் ஒரு வீதி, பக்கவாட்டில் இன்னொரு வீதி. பக்கவாட்டில் தோட்டத்தை மறைத்து ஒரு மரவேலி நின்றது. அந்த வேலிக்கும் நடைபாதைக்கும் நடுவில் 2.6 மீற்றர் அகலத்தில், 16 மீற்றர் நீளத்தில் ஒரு துண்டுப் புல்தரை. அதுவும் எங்கள் காணிதான். வீடு வாங்கியபோது வந்த வரைபடத்தில் சிவப்புக் கோடு அந்தப் புல்லையும் சேர்த்துத்தான் சுற்றியிருந்தது. ஆனால் ஒருநாளாவது அதில் கதிரை போட்டு நாங்கள் இருந்ததில்லை. கோடையில் இரண்டு கிழமைக்கு ஒருதடவை புல் வெட்டுவேன். நாயோடு நடப்பவர்கள் அதில் நின்று கதைப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் நடைபாதை இருக்க அதன்மேல் நடப்பார்கள்.

2022 பெப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. யூனிஸ் புயல் அடித்த நாள். வைட் தீவின் நீடில்ஸ் முனையில் மணிக்கு 122 மைல் வேகத்தில் காற்று பதிவானது. இங்கிலாந்தில் அதுவரை அளந்ததில் அதுதான் பெரியது. எங்கள் பக்கம் அந்தளவு இல்லை. ஆனாலும் பின்னேரம் பார்த்தால் பக்கவேலியின் ஐந்து பனல்கள், அதாவது பலகைத் தட்டிகள், புல்லில் கிடந்தன. கம்பங்கள் நிலமட்டத்தில் உக்கி, தும்பு தும்பாக முறிந்திருந்தன.

"எப்படியும் புதுசாத்தான் போடோணும். அப்ப நடைபாதை வரைக்கும் தள்ளிப் போட்டா என்ன? எங்கட காணிதானே?" என்றா மனைவி.

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. 16 மீற்றரை 2.6 ஆல் பெருக்கினால் 41.6 சதுர மீற்றர். சின்னத் தோட்டம் உள்ளவர்களுக்கு அது எவ்வளவு பெரிய எண் என்று தெரியும். மகளுக்கு ஓட இடம், மனைவிக்கு ஒரு மரக்கறிப் பாத்தி, எனக்கு மழைநீர்த் தொட்டி வைக்க ஒரு மூலை. அன்றிரவே படம் கீறத் தொடங்கிவிட்டோம்.

விலை சொல்ல வந்த வேலிக்காரர் புல்லைப் பார்த்தார், எங்கள் படத்தைப் பார்த்தார். "இரண்டு மீற்றருக்குக் கீழே என்றால் யாரிடமும் கேட்கத் தேவையில்லை" என்றார். இந்த வசனத்தைப் பிறகு குறைந்தது பத்துப் பேரிடம் கேட்டிருக்கிறேன். எல்லோரும் நல்ல மனத்தோடு சொன்னார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் எத்தனையோ பேர் போட்ட வேலியைத் திரும்பப் பிடுங்கியிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உண்மையான பாதி. இங்கிலாந்தில் சின்னச் சின்ன வேலைகளுக்கெல்லாம் ஒவ்வொருவரும் அனுமதிக்கு விண்ணப்பிக்கத் தேவையில்லை என்று ஒரு பொது ஆணை இருக்கிறது. இப்போது நடைமுறையில் உள்ளது 2015ஆம் ஆண்டினுடையது. அதன் இரண்டாம் அட்டவணையின் 2ஆம் பகுதியில் வேலி, மதில், படலை பற்றி வருகிறது. அதன்படி 2 மீற்றர் உயரம் வரை வேலி போடலாம். ஆனால் வாகனம் ஓடும் வீதிக்கு அருகில் என்றால் 1 மீற்றர்தான். இங்கே வீதி என்றால் தார் போட்ட பகுதி மட்டும் இல்லை. நடைபாதையும் வீதியோடு சேர்ந்த பொது ஓரப்புல்லும் சட்டத்தின் கண்ணில் வீதிதான். ஆகவே நடைபாதை ஓரத்தில் 1.8 மீற்றர் வேலி போட நினைத்தால், அந்த "இரண்டு மீற்றர்" அங்கே செல்லாது.

"அருகில்" என்றால் எவ்வளவு அருகில்? சட்டத்தில் எண் இல்லை. ஒரு மீற்றர் உள்ளே தள்ளிவிட்டால் அருகில் இல்லை என்று சில கவுன்சில்கள், அதாவது உள்ளூராட்சி சபைகள், எடுத்துக்கொள்ளும். சில அதை ஒத்துக்கொள்ளாது. இடையில் வேறு ஏதாவது இருக்கிறதா, பார்ப்பவர் கண்ணுக்கு அந்த வேலி வீதியின் ஓரமாகத் தெரிகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தால் இந்தச் சலுகை அறவே கிடையாது. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி விதிகள். அங்கே இருப்பவர்கள் நான் சொல்லும் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உயரக் கணக்கிலும் பலர் தவறுகிறார்கள். கடையில் ஆறடிப் பனல் என்று விற்பது 1.83 மீற்றர். மரம் உக்காமல் இருக்க அதன் அடியில் ஒரு கொங்கிறீற் பலகை வைப்பார்கள். அது 15 சென்ரிமீற்றர் என்றால் மொத்தம் 1.98. தப்பியது. 30 சென்ரிமீற்றர் பலகை வைத்தால் 2.13. மேலே கொடி படரச் சட்டம் வைத்தால் அதுவும் உயரத்தோடு சேரும். பின்தோட்டத்தில் நல்லெண்ணத்தோடு போட்ட வேலிகள் கூட இப்படி எல்லை தாண்டிவிடுகின்றன.

இருந்த வேலியை இருந்த இடத்தில், இருந்த உயரத்தில் பழுதுபார்ப்பதற்குப் பொதுவாக ஒன்றும் தேவையில்லை. உள்ளே தள்ளிப் போடுவதும் பெரும்பாலும் சிக்கல் இல்லாதது. சிக்கல் எல்லாம் வெளியே தள்ளும்போதுதான் வருகிறது.

சரி, எங்கள் காணிதானா என்று முதலில் உறுதி செய்வோம் என்று காணிகளைப் பதியும் லான்ட் ரெஜிஸ்ட்ரியின் அரச இணையத்தளத்தில் பதிவேட்டின் பிரதியையும் காணியின் படமான டைட்டில் பிளானையும் எடுத்தேன். அப்போது ஒவ்வொன்றும் 3 பவுண்ஸ். 2024 டிசம்பரில் 7 ஆக்கிவிட்டார்கள். அதே பத்திரத்தை வாங்கித் தருகிறோம் என்று பல மடங்கு கேட்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். அரச தளத்துக்கே நேராகப் போங்கள்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பலருக்குத் தைரியம் வருகிறது. ஆனால் அது எல்லையை அளந்து சொல்லும் படம் இல்லை. நகர்ப்புறத்தில் அது 1:1250 என்ற அளவில் இருக்கும். தாளில் ஒரு மில்லிமீற்றர் என்றால் தரையில் 1.25 மீற்றர். அந்தச் சிவப்புக் கோட்டின் தடிப்புக்குள்ளேயே நான் சண்டை பிடிக்கக்கூடிய அகலம் இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் காணிப் பதிவுச் சட்டம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. தனியாக விண்ணப்பித்துத் துல்லியமாகத் தீர்மானிக்காத வரைக்கும், படத்தில் இருப்பது பொதுவான எல்லை மட்டும்தான். வேலியை ஒரு அடி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா போடுவது என்ற கேள்விக்கு அந்தப் படம் பதில் சொல்லாது. பழைய காணி உறுதிகள், வீடு கட்டியவர்கள் கீறிய படங்கள், தரையில் மிஞ்சியிருக்கும் பழைய கம்பங்களின் அடிக்கட்டைகள் எல்லாம் சேர்ந்துதான் சொல்லும்.

வீதியைப் பார்த்து நிற்கும்போது இடப்பக்க வேலி உங்களுடையது, வலப்பக்கம் அயலவருடையது என்று ஒரு கதை எல்லோரிடமும் இருக்கிறது. அப்படி ஒரு விதி இல்லை. உறுதியில் உள்ள படத்தில் கோட்டின் ஒரு பக்கம் ஆங்கில 'டி' எழுத்துப் போல ஒரு குறி இருந்தால், அந்த வேலியின் பொறுப்பு அந்தக் குறி நிற்கும் பக்கத்துக்காரருக்கு. இரண்டு பக்கமும் இருந்து 'எச்' போலத் தெரிந்தால் இருவருக்கும். ஒன்றுமே இல்லாவிட்டால் பேசித்தான் தீர்க்க வேண்டும். எங்கள் பதிவேட்டில் இன்னொன்றும் கிடந்தது: வீட்டின் முன்பக்கத்தில் வேலியோ மதிலோ எழுப்பக் கூடாது என்று வீடு கட்டிய நிறுவனம் போட்ட ஒரு நிபந்தனை. நல்லகாலம், பக்கவாட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. உங்கள் பத்திரத்திலும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கவுன்சில் அனுமதி கொடுத்தாலும் அந்த நிபந்தனை போகாது. இரண்டும் வேறு வேறு வாசல்கள்.

பத்திரங்களோடு, கட்டட அனுமதிகளைப் பார்க்கும் கவுன்சிலின் பிளானிங் பிரிவுக்கு அழைத்தேன். எடுத்தவர் ஓர் இளம் பெண் அதிகாரி. நான் உயரத்தையும் தூரத்தையும் சொல்லிக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் புல் இப்போது என்னவாக இருக்கிறது?"

எனக்குக் கேள்வி விளங்கவில்லை. "எங்கள் காணி" என்றேன்.

"அது யாருடையது என்று நான் கேட்கவில்லை. அது இப்போது என்ன வேலை செய்கிறது என்று கேட்கிறேன்."

இதுதான் அந்த மீதிப் பாதி. 1990ஆம் ஆண்டின் பிளானிங் சட்டத்தில் 55ஆம் பிரிவு, அனுமதி தேவைப்படும் காரியங்களை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, எதையாவது கட்டுவது. இன்னொன்று, ஒன்றையுமே கட்டாவிட்டாலும் நிலத்தின் பயன்பாட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவது. இந்தக் குடியிருப்பை 1980களில் கட்டியபோது கொடுத்த அனுமதியில், வீதியோரப் புல் எல்லாம் பொதுவாகப் பார்வைக்கு விடப்பட்ட பசுந்தரை என்று குறிக்கப்பட்டிருந்தது. அது எனக்குச் சொந்தமாக இருக்கலாம். ஆனால் அது என் தோட்டம் இல்லை. வேலியை வெளியே தள்ளி அதை உள்ளே எடுத்தால், பசுந்தரையைத் தோட்டமாக மாற்றுகிறேன். அது பயன்பாட்டு மாற்றம். வேலி ஒரு மீற்றர் என்றாலும் அரை மீற்றர் என்றாலும் அதற்கு அனுமதி வேண்டும். உயரத்தைப் பற்றிய அத்தனை விவாதமும் அடுத்த கேள்விதான்.

எல்லா வீட்டுக்கும் இப்படி இல்லை. சில வீடுகளில் வெளியே கிடக்கும் நிலம் ஆரம்பத்திலிருந்தே தோட்டத்தின் பகுதியாக இருந்திருக்கும். அந்தந்தக் காணியின் வரலாற்றைப் பொறுத்தது. அதனால்தான் குடியிருப்புக்குக் கொடுத்த முதல் அனுமதியைத் தேடிப் பார்க்க வேண்டும். பல கவுன்சில்கள் பழைய கோப்புகளை இணையத்தில் போட்டிருக்கின்றன. அதில் நிபந்தனைகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். வீதியோரமாக வேலி போடும் பொது உரிமையையே அந்த நிபந்தனைகளில் எடுத்துவிட்ட குடியிருப்புகள் நிறைய உண்டு. அனுமதி தேவையில்லை என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தாலும், சட்டப்படி சரி என்று ஒரு சான்றிதழை கவுன்சிலிடம் கேட்டு வாங்கி வைக்கலாம். வீடு விற்கும் நாளில் அது உதவும்.

போனை வைத்த பிறகு நெடுநேரம் யன்னலால் அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் அப்பா வேலி அடைக்கும்போது நான் கிடுகு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அங்கே வேலிப் பிரச்சினை என்றால் இரண்டு வளவுக்காரருக்கு நடுவில். ஒருவர் எல்லைக் கதியாலைப் பிடுங்கி நாலு விரற்கடை தள்ளி நட்டால் மற்றவர் விடியற்காலையிலேயே வந்து நிற்பார். எல்லை என்றால் எதிரில் ஒரு ஆள் இருப்பார் என்று பழகிய எனக்கு, இந்தப் பக்கவேலியின் எதிரில் ஆள் யாரும் தெரியவில்லை. வெறும் நடைபாதை. அங்கே போய் வருகிற எல்லோரும்தான் அந்த எதிர்ப்பக்கம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மே மாதம் விண்ணப்பம் போட்டேன். வேலி நடைபாதை ஓரம் வரை, உயரம் 1.8 மீற்றர். பயன்பாட்டு மாற்றம் என்பதால் கட்டணம் 462 பவுண்ஸ். வீதிக் கம்பத்தில் ஒரு அறிவித்தல் கட்டினார்கள். அதிலிருந்து 21 நாள் யாரும் கருத்துச் சொல்லலாம். முடிவு சொல்ல கவுன்சிலுக்கு எட்டுக் கிழமை.

முதலில் வந்தது வீதிகளுக்குப் பொறுப்பான அதிகாரசபையின் பதில். ஒரு படமும் இணைத்திருந்தார்கள். நடைபாதை ஓரத்திலிருந்து உள்ளே 50 சென்ரிமீற்றர் வரைக்கும் வீதி என்று அதில் நிறம் தீட்டியிருந்தது. எங்கள் சிவப்புக் கோட்டுக்கு உள்ளே! எனக்குத் தலை சுற்றியது. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்கும்? இருக்கும். மண்ணின் உரிமை ஒருவரிடம் இருக்க, அதன் மேற்பரப்பு பொதுவீதியாக இருக்கலாம். வீதியோரக் காணிக்காரருக்கு வீதியின் நடுக்கோடு வரை அடிமண் சொந்தம் என்பது இங்கே பழைய சட்ட ஊகம். ஆனால் மேலே போய்வரும் உரிமை எல்லோருக்கும். ஒருமுறை வீதியானது எப்போதும் வீதிதான் என்று நீதிமன்றங்கள் காலகாலமாகச் சொல்லி வருகின்றன. எத்தனை வருடம் வேலி போட்டு ஆண்டாலும் வீதி தனிக்காணி ஆகாது. அதை நீக்க வேண்டுமானால் 1980ஆம் ஆண்டின் வீதிச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தின் மூலமோ, பிளானிங் சட்டத்தின் மூலமோ தனிக் கட்டளை பெற வேண்டும். அரை மீற்றர் புல்லுக்காக அந்தப் பாதையில் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன்: இந்தப் படத்தை யாரும் கேட்டு வாங்கலாம். நான் விண்ணப்பிக்க முதலே கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேளுங்கள்.

அடுத்ததாக வந்தது பின்வீட்டு அம்மாவின் ஆட்சேபம். எழுபது வயது தாண்டியவர். அவருடைய கார்ப்பாதை எங்கள் தோட்டத்தின் பின்முனையோடு ஒட்டி, அதே பக்கவீதிக்கு வந்து ஏறுகிறது. ஒன்பது வருடமாக அயலவர். நத்தாருக்கு மகளுக்குப் பரிசு கொண்டுவருபவர். அவருடைய கடிதத்தை கவுன்சில் தளத்தில் வாசித்தபோது மனம் நொந்துபோனது. என்னிடம் நேரே சொல்லியிருக்கலாமே என்று இரண்டு நாள் அவரைக் கண்டும் காணாதது போல இருந்தேன். மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"காருக்குள் ஏறி இருங்கள்" என்றார்.

ஓட்டுநர் இருக்கையில் இருந்தேன். வெளியே வருவது போல நடைபாதை விளிம்புக்குச் சற்று உள்ளே கார் நின்றது. இடப்பக்கம் பார்த்தேன். எங்கள் புல், அதற்கு அப்பால் நடைபாதை, மூலை வரைக்கும் முழுதாகத் தெரிந்தது. அவர் வெளியே நின்று, நான் வேலி போடவிருந்த கோட்டில் ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கைகளால் உயர்த்திப் பிடித்தார். ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரம் எங்கள் மகள் சைக்கிளில் அந்த நடைபாதையால்தான் வந்துகொண்டிருந்தாள். விரிப்புக்குப் பின்னாலிருந்து திடீரென்று காரின் முன்னால் தோன்றினாள்.

பிறகு இதைப் பற்றித் தேடி வாசித்தேன். வீதி வடிவமைப்புக்கான 2007ஆம் ஆண்டின் அரச வழிகாட்டியில், காரில் இருப்பவரின் கண் தரையிலிருந்து 1.05 மீற்றர் உயரத்தில் இருக்கலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து 0.6 மீற்றர் உயரத்தில் இருப்பதும் தெரிய வேண்டும். சின்னப் பிள்ளைகளும் கண்ணில் படுவதற்காக. மணிக்கு 30 மைல் வேக எல்லை உள்ள வீதி ஒன்றுக்குக் கிளைவழியால் வந்து ஏறும் ஒருவருக்கு, 2.4 மீற்றர் உள்ளே நின்றபடி இரண்டு பக்கமும் 43 மீற்றர் தெரிய வேண்டும். நடைபாதையில் வருபவர்களுக்காக கார்ப்பாதையின் ஓரங்களில் 2 மீற்றருக்கு 2 மீற்றர் முக்கோணம் ஒன்றைத் திறந்து வைக்கும்படி பல கவுன்சில்கள் கேட்கின்றன. நான் போட இருந்த வேலி அந்த முக்கோணத்தை அடியோடு மூடியிருக்கும். விண்ணப்பப் படத்தில் நான் அந்தக் கார்ப்பாதையைக் கீறவே இல்லை.

ஜூலையில் மறுப்பு வந்தது. இரண்டு காரணம். ஒன்று, திறந்த புல்லோடு இருக்கும் குடியிருப்பின் தோற்றத்தை நடைபாதை ஓரத்து உயரமான வேலி கெடுக்கும். இரண்டு, பார்வைத் தூரமும் வீதி நிலமும். மேன்முறையீடு செய்யலாம் என்று எழுதியிருந்தது. வேலிக்காரர், "பேசாமல் போடுங்கள், யாரும் முறைப்பாடு செய்யாவிட்டால் ஒன்றும் நடக்காது" என்றார். அப்படிச் செய்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு நண்பர் தனக்குச் சொந்தமே இல்லாத வீதியோரப் புல்லைச் சேர்த்து அடைத்து, இரண்டு வருடத்தின் பிறகு கடிதம் வந்து, தன் செலவில் பிடுங்கித் திரும்பப் புல் விதைத்துக் கொடுத்தார். முன்பு கட்டிய வேலைகளுக்கு நாலு வருடம் கடந்தால் கவுன்சில் நடவடிக்கை எடுக்க முடியாது என்று இருந்தது. 2024 ஏப்ரல் 25இலிருந்து இங்கிலாந்தில் அதுவும் பத்து வருடம் ஆகிவிட்டது. பயன்பாட்டு மாற்றத்துக்கு முன்னரும் பத்துத்தான். பத்து வருடம் பயந்துகொண்டு ஒரு மரக்கறிப் பாத்தியா? வீடு விற்கும்போது நிரப்பும் படிவத்திலும், எல்லை எதையாவது நகர்த்தினீர்களா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். அங்கே பொய் எழுதினால் வாங்கியவர் வழக்குப் போடலாம்.

மறுப்பை நான் மூன்று நாலு தரம் வாசித்தேன். அதிகாரியின் அறிக்கையும் கூடவே தளத்தில் இருக்கும். அதைத்தான் ஆறுதலாக இருந்து வாசிக்க வேண்டும். எங்கள் அறிக்கையின் நடுவில், வேலியைச் சற்று உள்ளே தள்ளி முன்னால் செடி நட்டிருந்தால் தோற்றத்துக்கு வரும் பாதிப்புக் குறைந்திருக்கும் என்று ஒரு வரி இருந்தது. மறுத்த கையோடு வழியும் காட்டியிருந்தார்கள்.

செப்டெம்பரில் புதிய படம் போட்டேன். வேலியை 1.1 மீற்றர் மட்டும் வெளியே எடுத்து, நடைபாதைப் பக்கம் 1.5 மீற்றர் புல்லை விட்டேன். அதில் வெளிப்புற அரை மீற்றர் வீதி. வேலியை ஒட்டி ஒரு உயிர்வேலி. பின்வீட்டு அம்மாவின் கார்ப்பாதைக்கு முந்திய 3 மீற்றருக்கு வேலி பழைய இடத்திலேயே நிற்கும். கிடைப்பது 13 மீற்றர் நீளத்தில் 14.3 சதுர மீற்றர். முதல் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு. மறுக்கப்பட்டவர் 12 மாதத்துக்குள் அதே மாதிரி விண்ணப்பத்தை ஒருமுறை கட்டணமின்றித் திரும்பப் போடலாம் என்ற சலுகை அப்போது இருந்ததால் காசு கட்டவில்லை. 2023 டிசம்பர் 6உடன் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே இப்போது விண்ணப்பிப்பவர்கள் முதல் தடவையே சரியாகப் போடுவது முக்கியம். விண்ணப்பிக்க முன் கவுன்சிலின் கருத்தைக் கேட்க ஒரு சேவை இருக்கிறது. அதற்கும் காசுதான், ஆனாலும் மறுப்பை விட மலிவு.

இந்தமுறை படத்தை முதலில் பின்வீட்டு அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் அந்தப் படுக்கை விரிப்பையும் கொண்டு வந்தார். இருவருமாகக் கயிறு கட்டி, புதிய கோட்டில் அதை விரித்துவிட்டுப் பார்த்தோம். காருக்குள் இருந்து நடைபாதை தெரிந்தது. அன்றிரவே ஆதரவாக நாலு வரி கவுன்சிலுக்கு எழுதியிருந்தார்.

நவம்பரில் அனுமதி வந்தது. நிபந்தனைகளோடு: உயரம் 1.8 மீற்றருக்கு மேற்படக் கூடாது, உயிர்வேலியை வரும் நடுகைப் பருவத்துக்குள் நட வேண்டும், ஐந்து வருடத்துக்குள் பட்டுப்போகும் செடிகளுக்குப் பதில் நட வேண்டும். ஐந்து வருடம் என்பது எனக்குப் பிடித்திருந்தது. நட்டுவிட்டு மறந்துவிடாதே என்று சொல்கிறது.

கம்பக்குழி தோண்டுமுன் வீதியோரத்துக்கு அடியில் என்னென்ன போகிறது என்று பார்த்தோம். குழாய், கேபிள் நிறுவனங்களின் படங்களை இலவசமாகத் தேடித் தரும் சேவை இருக்கிறது. எங்கள் புல்லுக்கு அடியில் ஒரு மின்கேபிளும் தொலைபேசிக் குழாயும் போயின. ஆகையால் வீதிப்பக்கக் குழிகளைக் கையால்தான் தோண்டினோம். 2.4 மீற்றர் கொங்கிறீற் கம்பம், 60 சென்ரிமீற்றர் மண்ணுக்குள். இந்த முறை மரக்கம்பம் வேண்டாம் என்று மனைவி உறுதியாக நின்றா, அது சரியான முடிவு. அடிப்பலகை ஒன்றில் 13 சென்ரிமீற்றருக்கு 13 சென்ரிமீற்றர் ஒரு துளை விட்டோம். இங்குள்ள முள்ளெலி ஒன்று தோட்டம் விட்டுத் தோட்டம் போக அவ்வளவு போதும். வேலிகள் இறுக இறுக அவற்றுக்கு இரை தேடும் இடம் குறைகிறது.

உயிர்வேலிக்கு ஹோர்ன்பீமும் ஹோதோர்னும் கலந்து, மீற்றருக்கு ஐந்து செடி. வேரோடு மண்ணில்லாமல் கட்டுக்கட்டாக வரும் செடிகள் மலிவு. அவற்றை இலையுதிர்ந்த குளிர்காலத்தில்தான் நட முடியும். 2023 பெப்ரவரியில், புயல் அடித்து ஒரு வருடம் கழித்து, உறைபனி விலகிய ஒரு சனிக்கிழமை மூன்று பேருமாக அறுபத்தைந்து செடிகளை நட்டோம். வெறும் குச்சிகள். மகளின் முழங்காலுக்குச் சற்று மேலே வந்தன. நடைபாதையால் போனவர்கள் நின்று நின்று கேட்டார்கள். ஒருவர் தன் வீட்டு வேலியைப் பற்றிச் சொல்லத் தொடங்கி அரைமணி நேரம் நின்றார். அவருக்கும் மூலை வீடு. "அனுமதி வேண்டுமா?" என்று கேட்டார். அந்தப் புல் இப்போது என்ன வேலை செய்கிறது என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அந்தக் குச்சிகள் இப்போது என் தோள் உயரம். நடைபாதைப் பக்கப் புல்லை, எங்களுடையதும் வீதியினதும் என்று பிரிக்காமல், நானே வெட்டுகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்னும் அதன்மேல்தான் நடக்கிறார்கள். உள்ளே கிடைத்த நீளத்தில் மனைவி பூசணியும் கீரையும் போட்டிருக்கிறா. உயிர்வேலியின் மேற்பக்கத்தை ஜூனில் ஒரு தடவை தட்ட வேண்டும் என்று கத்தரிக்கோலோடு போனேன். ஹோதோர்னின் முள்ளுக்குள் ஒரு கூடு, அதில் நாலு நீலமுட்டை. கத்தரிக்கோலைக் கொண்டுபோய்த் திரும்பக் கொட்டகைக்குள் வைத்துவிட்டேன். செப்டெம்பரில் பார்ப்போம்.